பிள்ளை தலையில் வைத்த கை

குடிக்கிறவன் பெண்டாட்டிக்கு மூக்குதான் முதலில் விழிக்கும். என் புருஷன் வரப்பில் வரும்போதே நான் அடுப்படியில் இருந்தபடி சொல்லிவிடுவேன்: இன்றைக்கு உண்டு, இன்றைக்கு இல்லை. இல்லை என்று சொல்லும் நாட்கள் அருகிக்கொண்டே வந்த காலம் அது. அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. பிற்பாடு அடிவாரத்தில் குடியிருந்தபோதுதான் கற்றுக்கொண்டேன். கற்றதும் முதலில் எழுத நினைத்தது இதைத்தான். மனசு வராமல் தள்ளிப் போட்டு, இப்போதுதான் எழுதுகிறேன்.

கொல்லிமலையில் அரியூர் நாடு எங்களுக்கு. பள்ளத்தில் கொஞ்சம் நெல், மேட்டில் சாமையும் கேழ்வரகும். வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்தான். சேலம் ஜில்லாவில் சாராயக் கடைகளை மூடச் சொல்லிச் சட்டம் வந்தபோது நான் விளக்கேற்றிக் கும்பிட்டேன். கடையை மூடினால் குடி போய்விடும் என்று நம்பிய மடைச்சி! கடை அடிவாரத்தில் இருந்தவரை அவர் மலையிறங்கிப் போய், மலையேறி வரவேண்டும். அதற்கு அஞ்சியாவது சில நாள் சும்மா கிடப்பார். கடை மூடியதும் காய்ச்சுகிறவர்கள் மலைக்கே வந்துவிட்டார்கள். ஓடைக்கு ஓடை வெல்லத்தையும் வேலம்பட்டையையும் பானையில் ஊறப் போட்டார்கள். கருமம், வாசலுக்கே வந்து சேர்ந்தது.

குடிக்காத நேரத்தில் தங்கமான மனுஷன். அதுதான் என் வயிற்றெரிச்சல். முழுக்கக் கெட்டவராக இருந்திருந்தால் தலைமுழுகிவிட்டு அப்பன் வீட்டுக்குப் போயிருப்பேன். எங்களுக்கு ஒரே மகள். அவளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டுதான் காட்டுக்குப் போவார். அவள் மேலே இருந்து காதைத் திருகி வழி சொல்வாள், இவர் மாடு மாதிரித் திரும்புவார்.

அப்படித் தூக்கிக்கொண்டு போன ஒரு நாள், அவளைக் காவல் பரணிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். “பாப்பா எங்கீங்க?” என்றேன். பாப்பா என்றால் யார் என்பது போல என்னைப் பார்த்தார். கரடி நடமாடும் காடு. நான் ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும். அவள் பரணில் தூங்கிக்கொண்டிருந்தாள், கன்னத்தில் அழுத கோடு. அவளை இடுப்பில் இடுக்கியபடியே நேராக ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போய், “இதுக்கு ஒரு வழி பண்ணுங்க, இல்லாட்டி நாங்க ரெண்டு பேரும் ஓடையில உழுந்துருவோம்” என்று கத்தினேன்.

கோயில் முன்னால் ஊர் கூடியது. திட்டுவார்கள், தண்டம் போடுவார்கள் என்று நினைத்தேன். அதற்குள் இவர் முந்திக்கொண்டார். சூடத்தை ஏற்றச் சொன்னார். என் கையிலிருந்த மகளை வெடுக்கென்று இழுத்து, அவள் உச்சியில் வலது கையை வைத்து, “இனி நான் தொட்டா, இவ எனக்கில்ல” என்றார்.

“அட பாவி மனுஷா! உங்களுக்குத் தலை இல்லீங்களா? எதுக்கு அவ தலை? கையை எடுங்க!” என்று பாய்ந்தேன். பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் மலையில் பிள்ளை தலையில் கை வைத்துவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. ஊருக்குத் திருப்தி. இன்னொரு கட்டும் உண்டு: சத்தியம் ஏறிய வீட்டில், விட்ட பொருளைப் பற்றி யாரும் வாயெடுக்கக்கூடாது, எடுத்தால் சத்தியம் கலைந்துவிடும். விருந்தாளிகூடப் பேச்சை மாற்றிவிடுவார்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்ல! கஞ்சிக் கலயத்தை அவரால் பிடிக்க முடியவில்லை. குளிரில் வேர்த்தது. “எறும்பு, எறும்பு” என்று ஒன்றுமில்லாத சுவரைத் துடைத்தார். என்ன செய்கிறது, எங்கே வலிக்கிறது என்று கேட்க நாக்கு துடித்தது. வாயாடி என்று பேரெடுத்தவள் நான், அந்த ஒன்றில் மட்டும் ஊமையானேன். அவரும் ஊமை. ஒரு கூரைக்குக் கீழே இரண்டு பேரும் அதை நடுவில் வைத்துக்கொண்டு, மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம்.

சாமை கதிர் வாங்கும்வரை தொடவில்லை. நான் நிமிர்ந்து நடந்தேன். பிறகு ஒரு சாயங்காலம், அடுப்படியில் என் மூக்கு விழித்துக்கொண்டது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக மகளிடம் போனார். தூங்கிக்கொண்டிருந்தவளின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். “மூச்சு வருது புள்ள, மூச்சு வருது” என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குத் திட்டக்கூட வரவில்லை. மறுநாளிலிருந்து பயத்தில் குடித்தார், குடித்ததால் பயந்தார். அவள் தும்மினால் இவர் முகம் வெளுத்துப்போகும். தோளில் தூக்குவதை விட்டுவிட்டார். தன் கை பட்டாலே அவளுக்கு ஆகாது என்று நினைத்தார்.

மழை விட்டதும் எங்கள் மலையில் வருஷம் தவறாமல் காய்ச்சல் வரும். அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அவளுக்கு நடுக்கம் கண்ட அன்றே இவர் சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயோ போய்விட்டார். சத்தியம் பிடித்துக்கொண்டது என்று ஊர் சொன்னது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெற்ற வயிறு வேறு என்ன நினைக்கும்? ஊரார் திருநீறு பூசினார்கள், நான் மகளை முதுகில் கட்டிக்கொண்டு மலையிறங்கினேன்.

சேந்தமங்கலத்து தர்மாஸ்பத்திரியில் கொயினா மருந்து கொடுத்தார்கள். கசப்பில் அவள் என் மாராப்பைக் கடித்தாள். அங்கிருந்து வெளியே வந்தபோது கடைத்தெருவில் ஒருவர் கூப்பிட்டார். எங்களிடம் கடுக்காயும் தேனும் வாங்குகிற ராவுத்தர், என் புருஷன் வயசுக்காரர். “ஏனுங்க அம்மிணி, உங்க ஊட்டுக்காரரு நம்ம மண்டியிலதான் கெடக்கறாரு. தெருவுல உழுந்து கெடந்தாரு, தூக்கியாந்து போட்டேன். வந்து நாலு நாளாச்சு, தண்ணிய விட்டா வேற எதுவும் தொடல” என்றார்.

கடுக்காய் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தார். மகளைப் பார்த்ததும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். “கிட்டக் கொண்டாராத புள்ள. நான்தான் அவளுக்கு எமன்.”

“எமனா இருந்தா மூட்டைக்குப் பின்னால ஒளிவானா? எந்திரிச்சுத் தண்ணி கொண்டாங்க” என்றேன். வேறென்ன சொல்வது? போக்கிடம் இல்லாமல் அந்த மண்டியின் பின்கட்டிலேயே தங்கினோம். ராவுத்தர் வீட்டுப் பெண்கள் கஞ்சி கொடுத்தனுப்பினார்கள்.

அன்று பொழுது சாய்ந்ததும் ராவுத்தர் தொழுதுவிட்டு வந்து, என் புருஷனுக்கு எதிரே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். சாதாரணமாகக் கேட்டார்: “கவுண்டரே, இன்னைக்கு எப்பெப்ப ஆசை வந்துச்சு?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பேச்சை எடுக்கலாமா? ஆனால் மாசக்கணக்கில் வாய் திறக்காத மனுஷன் சொல்ல ஆரம்பித்தார். “காலையில கண்ணு முழிச்சப்ப. அப்புறம் வெயில் சாஞ்சப்ப. அப்புறம்... அவ வந்தப்ப.”

“அப்புறம்?” என்றார் ராவுத்தர். அவ்வளவுதான். புத்தி சொல்லவில்லை, கண்டிக்கவில்லை. “அப்புறம்? அப்ப எங்க அடிச்சுது, நெஞ்சுலயா, தொண்டையிலயா? அதுக்கு என்ன பண்ணுனீங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏனுங்க, ஆறுற புண்ணை எதுக்குக் கிளறறீங்க? பேசிப் பேசி மறுபடியும் அங்க அனுப்பறதுக்கா?”

அவர் கோபப்படவில்லை. “நான் அபின் தின்னவன், அம்மிணி. முதுகு வலிக்குன்னு ஆரம்பிச்சது. நானும் ஆணை போட்டேன், ஒடைச்சேன். ஒடைச்ச வெக்கத்துக்கு இன்னொரு உருண்டை தின்னேன். சேலத்துல ஒரு ஹக்கீம் உருண்டையக் கொஞ்சங் கொஞ்சமாக் கொறைச்சாரு. அதைவிட, தெனமும் சாயங்காலம் கூப்புட்டு இதைத்தான் கேட்டாரு. மொதல்ல எனக்கும் ஆத்திரம்தான் வந்துச்சு. அப்புறம், சாயங்காலம் இவருகிட்டச் சொல்லிக்கலாம்னு மத்தியானத்தைத் தள்ளுனேன். அப்படித் தள்ளித் தள்ளித்தான் வந்திருக்கேன். எனக்கு இன்னும் ஆசை வருது, தெரியுமா?” என்று சிரித்தார்.

தினமும் கேட்டார். என் புருஷன் தினமும் சொன்னார். ஒரு நாள் பரணைப் பற்றிச் சொன்னார். இன்னொரு நாள், “அவளைப் பணயமா வெச்சேன் பாய். என்னை நம்ப எனக்கே தெகிரியமில்ல, அதான் அவளை வெச்சேன்” என்று சொல்லி அழுதார்.

“காய்ச்சல், இந்த ஊட்டுல சத்தியம் பண்ணுனாங்களான்னு வெசாரிச்சுட்டா உள்ள வருது? ஆஸ்பத்திரி வாசல்ல போய்ப் பாருங்க, எத்தனை புள்ளைங்க படுத்திருக்குதுன்னு. எல்லாத்துக்கும் அப்பனா சத்தியம் பண்ணுனான்?” என்றார் ராவுத்தர்.

பாதி நம்பினார். அன்று எழுந்து வந்து மகளைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். அவள் கண்ணைத் திறந்து, “அப்பா கை ஆடுது” என்று அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சலும் இறங்கியிருந்தது. எல்லோரும் பிழைத்தோம் என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் இப்படித்தான், விளக்கேற்றிவிடுவேன்.

இரண்டு நாளில் காய்ச்சல் திரும்பி வந்தது. கொயினாவும் கேட்கவில்லை. விடியற்காலையில் அவளுக்குக் கண் செருகியது. இவர் பதறிப்போய் வலது கையைத் தூக்கி அவள் உச்சிக்குக் கொண்டுபோனார். “சாமி, இனி சாகற மட்டும் நான்...”

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். “வேண்டாமுங்க. இன்னொருக்கா அவ தலையில ஏத்தாதீங்க. வெறுமனே புடிச்சுக்குங்க, போதும்.” அவர் அவள் காலைப் பிடித்துக்கொண்டார், நான் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வெளிச்சம் வந்தபோது அவள் இல்லை.

மண்டிக்கு வந்த நாளிலிருந்து அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறாது. குடித்தபோது இருந்தாள், குடிக்காதபோது போய்விட்டாள். எந்தப் பிள்ளைக்காக விட்டாரோ அந்தப் பிள்ளையே இல்லை. இனி எதற்காக விடவேண்டும்?

எங்கள் காட்டு மண்ணில்தான் அவளை வைக்க வேண்டும் என்றார். ராவுத்தர் புதுத்துணி எடுத்துக் கொடுத்தார், அடிவாரம் மட்டும் கூட வந்தார். திரும்பும்போது என்னிடம், “சாயங்காலம் நான் இருக்கமாட்டேன், அம்மிணி. நீங்க கேளுங்க” என்றார். எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது. இன்றைக்கா?

இவர் மகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஏறினார். என்னிடம் கொடுக்கவில்லை. பாதி மலையில் ஓடை குறுக்கிடும். அங்கே ஊறல் வாசம் குப்பென்று அடித்தது. காய்ச்சுகிறவன் இவர் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு எழுந்தான். “கவுண்டரே, ஒரு வாய் போட்டுட்டு ஏறுங்க, துக்கம் தாங்கும்” என்றான். நாசமாய்ப் போகிறவன், இரக்கத்தில்தான் சொன்னான். இவர் நின்றார். பிறகு நடந்தார்.

புதைத்துவிட்டு வந்தோம். வந்தவர்கள் சத்தியத்தைப் பற்றி முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். பொழுது சாய்ந்தது. அவர் சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் மடியில் மல்லாக்கப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். ஓடைக்குப் போகும் வழி வாசலிலிருந்தே தெரியும். அவர் அந்த வழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. என்னை யார் கேட்டார்கள்? என் வயிற்றை யார் கேட்டார்கள்? ஆனால் இன்றைக்குக் கேட்காவிட்டால் நாளைக்குக் கேட்க ஆள் இருக்காது என்று தெரிந்தது. எதிரே போய் உட்கார்ந்தேன்.

“இன்னைக்கு எப்பெப்ப ஆசை வந்துச்சுங்க?”

“ஓடையில” என்றார். “எறங்கியிருப்பேன் புள்ள. கையில அவ இருந்தா. கீழ எறக்கி வெக்க மனசு வரல, அதனால நடந்துட்டேன்.”

“அப்புறம்?”

“இப்ப. இப்பத்தான். கை சும்மா இருக்குது.”

அவர் வழியிலிருந்து கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தார். “உனக்கு?” என்றார். “உனக்கு என்ன தோணுது?”

“உங்களைக் கொன்னு போடலாம்னு இருக்குதுங்க.”

“எப்ப இருந்து?”

“அவ தலையில கை வெச்சீங்கல்ல, அன்னைக்கிருந்து.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபமில்லை. “அப்புறம்?” என்றார், ராவுத்தரைப் போலவே. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், அவர் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடித்தபோது இருட்டியிருந்தது. “நாளைக்கும் கேளு புள்ள” என்றார்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் கேட்டேன்.