விரல் உயரக் காவல் படை

தெருவே அவரைப் படைத்தலைவர் என்றுதான் கூப்பிடும். வாழ்நாளில் ஒரு கொசுவை அடித்தார் என்பதற்குக்கூடச் சாட்சி கிடையாது. தொழில், தையல். அதிலும் சீருடை மட்டும்தான். ஓட்டல் வாசலில் நிற்பவர், லிஃப்ட் ஓட்டுபவர், காவலாளி என்று ஊரில் விறைப்பாக நிற்கிற ஆளுக்கெல்லாம் சட்டை அவர் கடையிலிருந்துதான் போகும்.

பட்டப்பெயர் வந்தது கடையின் பின்னறையில் இருக்கும் கண்ணாடி அலமாரியால். உள்ளே விரல் உயர உலோகச் சிப்பாய்கள். பழங்கால அரசர்களின் மெய்க்காவல் படை, அரண்மனைக் காவலர்கள், குதிரைப்படையில் பொறுக்கி எடுத்த வீரர்கள். சாதாரணச் சிப்பாய்க்கு அங்கே இடமில்லை. யாரோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கையால் வண்ணம் தீட்டியவை அத்தனையும். மீசையில் முடி தனித்தனியாகத் தெரிகிறது என்பார். மற்றவர் கண்ணுக்கு அது கறுப்புக் கோடு.

“அந்த அலமாரியத் துடைக்கிற அக்கறையில பாதிய வீட்டு ஜன்னல்ல காட்டலாமே” என்பாள் மனைவி. “ஜன்னல் என்ன ராஜாவையா காப்பாத்துச்சு?” என்பார் இவர். வேறு குறையில்லாத குடும்பம்.

குறை அண்ணன் விஷயத்தில்தான் வந்தது. அண்ணனுக்கு இவர் எப்போதும் ‘பொம்மைக்காரன்’. அண்ணன் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஸ்டோர்ஸைக் கட்டி ஆண்டவர். அவர் தலையசைக்காமல் அங்கே ஒரு திருகாணி நகராது. தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்த மனிதருக்குக் கடைசியில் கிடைத்தது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி வேலை. அளவு கொடுக்கத் தம்பி கடைக்கே வர வேண்டியதாயிற்று.

“நிமிருங்க அண்ணே.”

“எதுக்கு? தொப்பிய மட்டும் கொஞ்சம் பெரிசாத் தை. முகம் மறையட்டும். தெரிஞ்சவன் எவனாவது வந்தா குனிஞ்சுக்கிறேன்.”

அண்ணனைத் தம்பிக்குத் தெரியும். நாலு நாள் குனிந்து நின்றால் ஐந்தாம் நாள் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பிறகு யார் கூப்பிட்டாலும் வெளியே வரமாட்டார்.

அன்று மாலை அலமாரியைத் திறந்து, நீலக் கோட்டுக் காவலன் ஒருவனைப் பீடத்தைப் பிடித்துத் தூக்கினார். உடம்பில் விரல் பட்டால் வண்ணம் மங்கிவிடும். பூதக்கண்ணாடியில் கழுத்தைப் பார்த்தார். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் சிலருக்குக் காலருக்கு அடியில் தோல்பட்டை ஒன்று கட்டுவார்களாம், தலை தொங்காது. தையல்காரருக்குத் தோல்பட்டை எதற்கு? காலருக்குள் வைத்துத் தைக்கிற விறைப்புத் துணி ஒரு மடிப்பு போதும் என்ற இடத்தில் மூன்று மடிப்பு வைத்தார். தொப்பியை அளவோடு தைத்தார். உலோகச் சிப்பாய்க்கு எச்சில் விழுங்குகிற வேலை இல்லை என்பது மட்டும் அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த சில நாளில் அண்ணன் சீருடையோடு கடைக்குள் புயலாக நுழைந்தார். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு.

“டேய் பொம்மைக்காரா! மனுஷனுக்குத் தச்சியா, உன் அலமாரிக்குத் தச்சியா? குனிஞ்சு கேட் தாழ்ப்பாளப் போட முடியல. ஒரு வாய் தண்ணி இறங்கல!”

படைத்தலைவர் பின்னறைக்குப் போனார். நீலக் கோட்டுக்காரனைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். “இவனப் பாத்துத்தான் தச்சேன் அண்ணே. தப்புதான். கோட்டைக் கழட்டுங்க, பிரிச்சிடறேன்.”

அண்ணன் முதல்முறையாக ஒரு சிப்பாயைப் பார்த்தார், குனியாமலே, கண்ணை மட்டும் இறக்கி. வேறு வழியும் இல்லை. “யாரு இவன்?”

“ராஜா வீட்டு வாசல்ல நின்னவன்.”

“வாட்ச்மேனா?”

“இந்த அலமாரியில முக்காவாசிப் பேரு வாட்ச்மேன்தான் அண்ணே.”

அண்ணன் சிரிக்கவில்லை. கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். தம்பி பிளேடை எடுத்தார்.

“இன்னிக்கு ஒருத்தன் வந்தான்டா. ஸ்டோர்ஸ்ல எனக்குக் கீழ இருந்த பையன். கார்ல வர்றான். குனியப் பாத்தேன். எங்க குனியறது, நீ தச்ச லட்சணம் அப்படி! நேரா முகத்தப் பாத்துட்டான்.”

தம்பி பிளேடோடு நிமிர்ந்தார். “என்ன சொன்னான்?”

“இறங்கி வந்து ‘நல்லா இருக்கீங்களா சார்’னான். சார்னுதான்டா கூப்பிட்டான். என் கையப் பிடிச்சுக்கிட்டு, அவன் பொண்ணப் பத்தி எல்லாம் சொன்னான். விடவே இல்ல.”

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் காலர் மீது குனிந்து, முதல் தையலில் பிளேடை வைத்தார். அண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“ஒரு மடிப்ப மட்டும் எடு. எச்சில் முழுங்கணும் இல்ல? மிச்சத்துல கை வச்சியோ, பாத்துக்க.”