மாதா படத்தின் முன் வைத்த வளையம்

எங்கள் லேத் பட்டறைக்குப் பம்பு சாமான் வேலை வருவது குறைந்துபோய், மூடிவிடலாமா என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டிருந்த சமயம். சென்னைக் கம்பெனி ஒன்று இரும்பு வளையம் ஒன்றின் வரைபடத்தைக் கொடுத்தது. பெருவிரல் நுழையும் அளவு. மாதிரிகள் தேறினால் ஆர்டர் எங்களுக்கு. தேறாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு. போர் விமானத்துக்கு என்று மட்டும் சொன்னார்கள். விமானத்தில் எந்த இடம் என்று சொல்லவில்லை.

அக்காள் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவரைக் கேட்டேன்.

"மாமா, வெளிநாட்டு விமானத்துக்கு நம்ம நெல்லித்தோப்புல எதுக்கு வளையம் கடையச் சொல்றாங்க?"

"நம்ம கவர்மென்ட் சும்மா வாங்குமா? இவ்ளோ காசு குடுக்கறோம், ஒரு பங்கு வேலைய எங்க ஊருக்கே குடுன்னு பேசித்தான் வாங்குது. அது பெரிய கம்பெனிக்கு வந்து, சின்ன கம்பெனிக்கு வந்து, கடைசியா உன் தலையில வந்து விழுந்திருக்கு."

"இது சீட்டுக்கா, குண்டு போடற எடத்துக்கா?"

"உனக்கு ரெண்டுக்கும் ஒரே கூலிதான் மச்சான்."

எந்தப் புது வேலையானாலும் முதல் சாமானைக் கோயிலுக்கு எடுத்துப்போய் மாதா காலடியில் வைத்து எடுப்பது எங்கள் வழக்கம். இதையோ பட்டறையை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. இரும்புச் சீவலைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மனைவி யோசித்தாள். வீட்டிலிருந்த மாதா படத்தைப் பட்டறைக்கே கொண்டுவந்து, வளையத்தை முன்னால் வைத்து, மெழுகுவத்தி ஏற்றினாள்.

மறுநாள் கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்தார். அளவு பார்க்கும் கேஜை அந்த வளையத்துக்குள் விட்டார். போகவில்லை. அவர் வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் சுரண்டினார்.

"என்னங்க இது, மெழுகு மாதிரி?"

"மாதாவுக்கு ஏத்தினது சார்" என்றாள் மனைவி.

"மாதா பாஸ் பண்ணதை நான் ஃபெயில் பண்ணப் பாத்தனே" என்று சிரித்தவர், மண்ணெண்ணெயில் கழுவி மறுபடி விட்டார். வழுக்கிக்கொண்டு போனது. மற்றவையும் தேறின.

கிளம்பும்போது கேட்டேன்: "இத எங்க சார் மாட்றாங்க?"

"எனக்கே தெரியாதுங்க. எனக்கும் இந்த வரைபடம் மட்டும்தான் குடுத்திருக்காங்க."

"ஆர்டர் தொடர்ந்து வருங்களா?"

"எல்லையில உரசல் இருக்கற வரைக்கும் வாங்கிட்டுதான் இருப்பாங்க."

அன்று மாலை ஜெபத்தில், "இந்த வேலை நிக்காம வரணும் தாயே" என்று மனைவி வேண்டினாள். எனக்கு ஆமென் வரவில்லை. அவள் கண்ணைத் திறந்தாள்.

"என்ன, தூங்கிட்டீங்களா?"

"குடுத்ததுக்கு நன்றி சொல்லலாம். நிக்காம வரணும்னு மட்டும் வேணாம்" என்றேன்.

அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, நன்றியை மட்டும் சொல்லி முடித்தாள்.