தந்தக் கைப்பிடியில் கற்பூர வாசம்

வெளிநாட்டில் லேசர் ஒளியால் மரத்தில் பெயர் பொறிக்கிறார்கள் என்று எண்பதுகளின் நடுவில் ஒரு சஞ்சிகையில் படித்தேன். எங்கள் ஊர் குனோங் ராபாட்டில் லேசருக்கு எங்கே போவது? ரேடியோ பழுதுபார்க்க ஈயம் ஒட்டும் மின்சாரச் சூட்டுக்கோல் என்னிடம் இருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

என் மனைவியின் தம்பி மணியம் பீடோர் பட்டணத்தில் முடிதிருத்தும் கடை திறக்கவிருந்தான். அவனிடம் இருந்த ஒரே நல்ல சவரக்கத்தி, தோட்டத்துத் துரை ஊர் திரும்பும்போது கொடுத்தது. அதன் வெள்ளைக் கைப்பிடியில் அவன் பெயரைப் பொறித்துத் தருவதாக வாங்கி வந்தேன்.

"அசல் தந்தம் மச்சான், பார்த்து செய்யுங்க லா," என்றான்.

மேசையில் வைத்துக் குனிந்து 'ம' எழுதத் தொடங்கினேன். கற்பூர வாசம் வந்தது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

சமையலறையிலிருந்து மனைவி, "என்னங்க, அதிசயமா சாமி கும்பிடுறீங்களா?" என்றாள். பதில் சொல்லத் தலையை நிமிர்த்தினேன். அந்த நொடியில் கைப்பிடி குப்பென்று பற்றிக்கொண்டது. ஒரு புருவம் போனது, கண் தப்பியது. அது தந்தமல்ல, செல்லுலாய்ட் என்ற, சட்டென்று தீப்பிடிக்கும் பழங்கால பிளாஸ்டிக். கற்பூரம் கலந்து செய்வார்களாம். அதையும் பிறகுதான் படித்தேன்.

மணியம் கருகிய கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "யானை இவ்ளோ வேகமா எரியுமா மச்சான்?"

புதுக் கத்தி வாங்கிக் கொடுத்தேன். "பேரு வேணாம் லா," என்று உடனே வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

இப்போது எதில் சூடு வைப்பதானாலும், ஒரு துணுக்கைச் சுரண்டி வாசலில் கொளுத்திப் பார்த்த பிறகே தொடுகிறேன். மனைவியும் கற்பூரம் ஏற்றுமுன், "இது சாமிக்குத்தான்," என்று குரல் கொடுக்கிறாள். இல்லாவிட்டால் நான் தண்ணீர் வாளியோடு வந்துவிடுகிறேன்.