பூஜையில் அழிந்த பாட்டு

1. நாற்பத்தெட்டு டிராக் ஆசாமி

இசைக்குழுவில் சேர்ந்த முதல் நாள் ஒத்திகையிலேயே, அவர்களுடைய கீபோர்டு ரிப்பேர் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். இடது கையில் மூன்று சுரம் சேர்ந்த கார்டு பிடித்துக்கொண்டு வலது கையில் வயலின் கூட்டத்தை வாசித்தால், பாதியில் ஒரு சுரம் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

இசைக்குழுவின் தலைவர் பழனிச்சாமி அண்ணன்தான் ரிதம் பேடு வாசிப்பவர். தலையைத் தூக்காமலே சொன்னார்: “போன வாரம் வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துது.”

அதற்கு முன் மூன்று வருடம் நான் ஒரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் பாட்டுச் சேர்ப்பவன். பனியன் கம்பெனி விளம்பரங்கள், கோயில் பாட்டுகள் எல்லாம் செய்தேன். சாஃப்ட்வேரில் ஒரு வாத்தியத்தின் மேல் இன்னொன்றாக எத்தனை டிராக் வேண்டுமானாலும் போடலாம். ஒரு பாட்டுக்கு நாற்பத்தெட்டு போட்டிருக்கிறேன். தப்பாக வாசித்தால் அண்டூ அழுத்தி அழித்துவிடலாம். தாளம் விலகினால் மவுசால் இழுத்து நேராக்கலாம். அப்படி இழுத்து இழுத்தே நான் கீபோர்டு வாசிப்பவன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஸ்டுடியோவை மூடியதும் கம்ப்யூட்டரும் போனது. ஸ்டுடியோவில் சேர்வதற்கு முன்னால் முதலிபாளையத்தில் செக்கிங் டேபிள் முன் நின்று பனியனில் ஓட்டை தேடியவன் நான். மறுபடி அங்கே போய் நிற்கக் கூடாது. அப்போது எனக்கு இருந்த லட்சியம் அது ஒன்றுதான்.

“ஆயுத பூஜைக்கு மண்ணரையில ஒரு கம்பெனி புரோகிராம் இருக்குதுங்க. அதுல பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாமுங்க” என்றார் அண்ணன். மரியாதைக்குக் குறைவில்லை. அர்த்தமும் தெளிவாகத்தான் இருந்தது.

2. முப்பத்திரண்டு சீட்டு

கோவையில் ஒரு கடைக்குக் கீபோர்டைத் தூக்கிப் போனேன். மெக்கானிக் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“ரிப்பேர் இல்லீங்க. இதுல ஒரே சமயத்துல முப்பத்திரண்டு சத்தந்தான் வரும். வயலினோட பியானோவைச் சேத்துப் போட்டு, ஆட்டோ ரிதமும் ஓட விட்டா, ஒரு விரலுக்கு ரெண்டு மூணு எடுத்துக்கும். புதுசு வர்றப்ப பழசை வெட்டிரும்.”

முப்பத்திரண்டு சீட்டு டவுன் பஸ்ஸில் முன்வாசலில் ஆள் ஏற ஏறப் பின்வாசலில் ஆள் விழுகிற கதை. கூட்டத்தை ஏற்றியது நான்.

ஆனாலும் திருந்தவில்லை. மண்ணரை கம்பெனிக்கு ஒரு சொந்தப் பாட்டு உண்டு. ஸ்டுடியோவில் நான் நாற்பத்தெட்டு டிராக் போட்டது அதற்குத்தான். போன வருட விழாவில் சிடியாகப் போட்டார்கள். இந்த வருடம் மேடையில் பாடக் கேட்டிருந்தார் முதலாளி. கீபோர்டில் பதிவு செய்ய ஐந்து டிராக் இருந்தது. அண்டூ கிடையாது. ஒரு சுரம் தப்பினால் அந்த டிராக்கை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். பத்து நாள் உட்கார்ந்து ஐந்திலும் அடைத்தேன். மேடையில் பட்டனை அழுத்தினால் போதும், கையைச் சும்மா மேலே வைத்திருக்கலாம் என்று எனக்குள் ஒரே கர்வம்.

கீபோர்டுக்கு ஆறு தடித்த பேட்டரி வேண்டும். மேடையில் ஒயரை மாட்டியதும் அதைக் கழற்றிவிடலாம், வீணாகத் தேய வேண்டாம் என்று நினைத்தேன். அதுதான் அடாப்டர் இருக்கிறதே.

3. சந்தனம்

ஆயுத பூஜையன்று காலையிலேயே மேடையில் கீபோர்டை வைத்து, ஒயரை மாட்டி, பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டு, பாட்டை ஒரு தடவை ஓட்டிச் சரிபார்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் மேடையில் கீபோர்டு இல்லை. சாமி படத்துக்கு முன்னால், கத்தரிக்கும் இன்ச் டேப்புக்கும் நடுவில், சந்தனம் குங்குமத்தோடு வாழையிலையில் இருந்தது. ஒயர் தனியே சுருண்டு கிடந்தது.

“நம்ம ஆயுதம் இதுதானுங்களே” என்று பெருமையாகச் சொன்னார் அண்ணன். “மொதல்ல இதுக்குத்தானுங்க பொட்டு வெச்சேன்.”

ஒயரைப் பிடுங்கிய நிமிடமே, பேட்டரி இல்லாத அந்தப் பெட்டி பத்து நாள் வேலையை மறந்திருந்தது. அவர் மேல் கோபம் பொங்கியது. ஆனால் தப்பு அவருடையதா? கம்ப்யூட்டரில் சேவ் செய்தால் ஒயரைப் பிடுங்கினாலும் இருக்கும், இதிலும் இருக்கும் என்று நினைத்த மடையன் நான். கண்ணுக்கு முன் செக்கிங் டேபிள் வந்து நின்றது.

அன்று பாட வேண்டியவள் செல்வி. அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். நடந்ததைச் சொன்னேன்.

“பொட்டிக்குள்ள இருந்த கூட்டமெல்லாம் போயிட்டாவளா? நல்லதாப் போச்சுண்ணே. ஒத்திகையில நான் பாடினது எனக்கே கேக்கல. நீங்க சுருதிய மட்டும் விடாமப் பிடிங்க, நான் பாடுதேன்.”

பூஜை முடிந்து மேடை ஏறினோம். ஆட்டோ ரிதத்தை அணைத்தேன், தாளத்துக்கு அண்ணன் இருக்கிறாரே. இடது கையில் கீழ்ச்சுரத்தில் பேஸ் மட்டும். அவள் மூச்சு வாங்கும் இடத்தில் வலது கையில் ஒரு சின்னப் புல்லாங்குழல் துண்டு. அவ்வளவுதான். இரண்டாவது சரணத்தில் விரல் தப்பி ஒரு அபசுரம் விழுந்தது. பயந்து செத்தேன். செல்வி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பாட்டு அதைத் தாண்டிப் போய்விட்டது.

‘எங்க ஊசி ஏறி எறங்க ஊரெல்லாம் உடுத்துதடி’ என்ற வரி வந்ததும் டெய்லர் பெண்கள் கை தட்டினார்கள். அந்த வரியை மறுபடி பாடச் சொன்னார்கள். மூன்று தடவை பாடினாள்.

முதலாளி மேடைக்கே வந்துவிட்டார். “ஏனுங்க, இந்த வரி புதுசா சேத்ததுங்களா?”

“இல்லீங்க. போன வருஷமும் இருந்துதுங்க” என்றேன்.

“சிடியில எனக்குக் கேக்கவே இல்லீங்களே.”

நாற்பத்தெட்டு டிராக்கையும் அந்த வரியின் மேல் ஏற்றி வைத்தவன் பக்கத்தில்தான் நிற்கிறான் என்று நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஒயர் சுற்றும்போது அண்ணன் சொன்னார்: “ஞாயித்துக்கெழமை வெள்ளகோவில்ல புரோகிராமுங்க. காலைல ஏழு மணிக்கு வேன் வந்துரும்.”

பிற்பாடு சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்கினேன். எந்தப் பாட்டானாலும் முதலில் அந்தப் பழைய கீபோர்டில் இரண்டு கையால் வாசித்துப் பார்ப்பேன். அதில் நிற்காத பாட்டை எத்தனை டிராக் போட்டும் நிறுத்த முடியாது என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்கும் சொல்கிறேன். ஆயுத பூஜைக்கு அதைச் சாமி முன் வைப்பதும் நான்தான். முதலில் பேட்டரி, அப்புறம்தான் சந்தனம்.