எந்த ரோடு என்று கேட்டார், சொல்லிவிட்டேன்

போன வருடம் நவம்பர் மாதம் நடந்தது இது. ஆக்லாந்தில் புல் வெறிபிடித்து வளரும் காலம். சனிக்கிழமை வெட்டினால் அடுத்த சனிக்கிழமை கணுக்கால் வரை நிற்கும்.

நாங்கள் பாபகூராவில் வீடு வாங்கியபோது பின்பக்க ஷெட்டில் ஒரு பழைய கார்டன் டிராக்டர் கிடந்தது. உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டுகிற சின்ன வண்டி, ஆனால் வயதில் என்னைவிட மூத்தது. "இதெல்லாம் உன்னால ஆகாதுடி, ஸ்கிராப்புக்குப் போட்டுடலாம்" என்றார் என் கணவர். ஆகாது என்று யாராவது சொன்னால் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். ஆஸ்பத்திரி லேபில் வேலை முடிந்து வந்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து மாட்டி, ஓட வைத்தேன். அதை வீடியோ எடுத்துப் போட்டேன். சுடிதாரில் கிரீஸோடு ஒரு தமிழச்சி டிராக்டருக்கு அடியில் படுத்திருப்பதைப் பார்க்க இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. அப்புறம் அதுவே பைத்தியமாகிவிட்டது. இன்னும் இரண்டு பழைய வண்டிகள் வாங்கினேன்.

முதல் வண்டியின் கார்புரேட்டர் உடைந்து நான் முழித்துக்கொண்டிருந்தபோது உதவியவர் பிளாக்ஹவுஸ் பேயில் இருக்கும் ஒரு அண்ணை. மன்னார்க்காரர், மெக்கானிக். தன் ஷெட்டிலிருந்து ஒன்றைக் கழற்றிச் சும்மாவே கொடுத்தார். பழைய டிராக்டர் ஆட்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. சாமானுக்குச் சாமான் மாற்றிக்கொள்வார்கள், விற்க மாட்டார்கள். எங்கேயாவது ஒரு பழைய வண்டி கிடந்தால், அதை ஏற்றிக்கொண்டு வரும்வரை இடத்தை வெளியே சொல்ல மாட்டார்கள்.

ஏனென்றால் என்னைப் போன்றவர்களின் வீடியோக்கள் ஓட ஆரம்பித்த பிறகு, துருப்பிடித்த டிராக்டர் எல்லாம் தங்கமாகிவிட்டது. ஓடுகிற வண்டியையே வாங்கி, கூறு போட்டு, சீட் தனி, சக்கரம் தனி, மூடி தனி என்று ஆன்லைனில் விற்கிற கூட்டம் ஒன்று கிளம்பிவிட்டது. அவர்களைக் கழுகுகள் என்று நானே என் வீடியோக்களில் திட்டியிருக்கிறேன். வாய்க்கு என்ன குறைச்சல்!

அண்ணையின் மனைவிக்குச் சர்க்கரை வியாதியால் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதுவரை அவர்கள் வீட்டுப் புல் முழுக்க அக்காவின் ராஜ்ஜியம். இப்போது கடையில் பார்க்கிற வண்டிகளோ வலது காலால் மிதித்து ஓட்டுபவை. பழைய மாடல் ஒன்றில் மட்டும் முன்னே போக, பின்னே வர எல்லாமே ஒரு கை லீவர்தான். அண்ணையிடம் அது இருந்தது. ஆனால் அதன் பம்ப் செத்துவிட்டது. பம்ப் செத்தால் வண்டி நகராது. ஒரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா, "எங்கையாவது கண்டனீங்களோ தங்கச்சி?" என்று கேட்பார்.

கடைசியில் எங்கள் ஊரைத் தாண்டி ஒரு பண்ணையில் அதே மாடல் கிடப்பதாக அண்ணைக்குத் தகவல் வந்தது. பக்கம்தானே என்று நானும் கூடப் போனேன். அண்ணை பம்பைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, "சீவன் இருக்கு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. அக்காவுக்காக என்று கேட்டதும் பண்ணைக்காரக் கிழவர், காசு வேண்டாம், அடுத்த சனிக்கிழமை டிரெய்லரோடு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். நான் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தேன். "ஏத்திக்கொண்டு வந்தாப் பிறகு போடுங்கோ" என்றார் அண்ணை. சரி என்று தலையாட்டினேன்.

மறுநாளே போட்டுவிட்டேன். இடம் சொல்லவில்லையே, என்ன வந்துவிடப் போகிறது என்று ஒரு நினைப்பு. பார்வைகள் ஏறிக்கொண்டே இருந்தன. எப்போதும் என்னைப் புகழ்ந்து எழுதுகிற ஒருவர், "உங்களைப் போல் யாரால் முடியும்? இது எந்த ரோடு, என் மாமா வீடு அந்தப் பக்கம்தான்" என்று கேட்டிருந்தார். உச்சி குளிர்ந்துபோய், ரோட்டின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு இதயமும் போட்டேன்.

சனிக்கிழமை டிரெய்லரோடு போய் நின்றோம். ஷெட் காலி. கிழவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண்ணின் வீடியோவில் வந்த டிராக்டருக்காக வந்திருக்கிறேன் என்று புதன்கிழமை ஒருவன் வந்தானாம். எங்கள் ஆள் என்று நினைத்து, இவரே கை கொடுத்து ஏற்றி அனுப்பியிருக்கிறார்.

திரும்பி வரும்போது அண்ணை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வீடியோ போட்டனீங்களோ?"

"போட்டேன் அண்ணை. ஆனா இடம் சொல்லல" என்றேன். எப்படித்தான் வாய் வந்ததோ! அவர் நம்பிவிட்டார்.

வாசலில் அக்கா சக்கர நாற்காலியில் காத்திருந்தார். காலி டிரெய்லரைப் பார்த்தார். அண்ணை விஷயத்தைச் சொல்லிவிட்டு, "தங்கச்சியில பிழையில்லை. அவ இடம் சொல்லேல்லை" என்று எனக்காக வாதாடிவிட்டு, டிரெய்லரைக் கழற்றப் போனார். அக்கா தன் போனை எடுத்து எனக்கு மட்டும் காட்டினார். நான் எழுதிய ரோட்டின் பெயர், பக்கத்தில் சிவப்பு இதயம்.

"உந்த வீடியோவுக்கு முதல் லைக் நான்தான் போட்டனான், தங்கச்சி" என்றார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் அந்த வண்டி கூறு போட்டு ஆன்லைனில் விற்பனைக்கு வந்தது. பம்பின் படம் என் வீடியோவிலிருந்து வெட்டியது. அதைச் சுட்டிக்காட்டும் விரல் என்னுடையது. என்ன விலையானாலும் தருகிறேன் என்று எழுதினேன். கடல் கடந்து போய்விட்டது, உங்கள் வீடியோக்கள் அருமை, தொடருங்கள் என்று பதில் வந்தது. பாவி!

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தான் மட்டும் கெடும். என் வாயால் கெட்டது இன்னொருத்தி. வீடியோவை அழித்துவிட்டேன், அழித்து என்ன பிரயோஜனம்? இப்போது அவர்கள் வீட்டுப் புல்லை கூலி ஆள் வந்து வெட்டிவிட்டுப் போகிறான். அக்கா ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொள்கிறார்.

அக்கா இன்றுவரை அண்ணையிடம் சொல்லவில்லை. அண்ணை இன்னும் ஏதாவது பழைய சாமான் கிடைத்தால், "தங்கச்சிக்கு உதவும்" என்று எடுத்து வைக்கிறார். நேரில் சொல்லத் துணிச்சல் இல்லாமல்தான் இங்கே எழுதுகிறேன். அவர் கொடுக்கும் ஒவ்வொரு சாமானையும், அக்கா பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன்.