பாட்டு முடிந்தால் அம்மா வருவாள்

பாடிக்கொண்டிருக்கும்போதே மொத்த சபையும் எழுந்து போய்விட்டால் பாடகிக்கு எப்படி இருக்கும்? எனக்குத் தெரியும். சமீபத்தில்தான் அந்தப் பாக்கியம் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை. ஏற்காட்டில் எங்கள் நூலகத்தின் பின்னறை. நான் மழைப் பாட்டை மும்முரமாகப் பாடிக்கொண்டிருந்தேன் – இடி மின்னல் எல்லாம் கைத்தட்டலிலேயே. எதிரே பாயில் என் ரசிகர்கள். எல்லோருக்கும் வயது ஐந்துக்குள். திடீரென்று பின்னாலிருந்து ஒரு குரல், என்னைவிடச் சத்தமாக, வேறு ஒரு பாட்டை ஆரம்பித்தது.

அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் எழுந்தது. வாசலுக்கு ஓடியது. செருப்பைத் தேட ஆரம்பித்தது. வலது காலில் ஒருத்தன் செருப்பும் இடது காலில் இன்னொருத்தி செருப்புமாக நின்றபடி, எல்லோரும் தெருவைப் பார்த்தார்கள். தெருவில் டூரிஸ்ட் வேன்கள்தான் போய்க்கொண்டிருந்தன. ஒரு அம்மாவும் இல்லை.

பிறகென்ன... ஒருத்தி அழ, அவளைப் பார்த்து இன்னொருவன் அழ, நூலகம் முழுக்கக் கச்சேரி. முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் மழையில் நனைந்த கோழி மாதிரி நின்றேன்.

அந்தப் பாட்டை ஆரம்பித்தவள் ஜெனி. நான்கு வயது. தலைச்சோலையில் ஒரு எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அருளின் மகள். அவள் மட்டும் அழவில்லை. வாசற்படியில் நின்று, கழுத்தை நீட்டி, ரோட்டின் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதையைக் கொஞ்சம் பின்னால் தள்ளுகிறேன்.

எங்கள் நூலகர் ஸ்டெல்லா – கெட்டிக்காரி. சர்ச் கொயரில் பாடுகிறவர். சேலத்தில் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு முந்தின பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் பாட்டு நேரம் நடத்தலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைதான் சந்தை. சுற்றியுள்ள மலைக் காட்டூர்களிலிருந்து அம்மாக்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பையையும் தூக்கிக்கொண்டு அல்லாடுகிறார்கள். பிள்ளையை எங்களிடம் விட்டால் அவர்களுக்கும் கை ஓய்வு.

"நீங்களும் வாங்க" என்றார் என்னிடம். எனக்குப் பாட வராது என்றேன். "பிள்ளைங்களுக்கு அது தெரியாதுங்க" என்றார். இப்படித்தான் என் இசைப் பயணம் தொடங்கியது.

பாட்டில் என்ன படிப்பு இருக்கிறது என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். ஜெ–னி, முத்–து–ரா–ஜா என்று பெயரைப் பிரித்துக் கைத்தட்டும்போது, ஒரு சொல்லுக்குள் துண்டு துண்டாகச் சத்தங்கள் இருக்கின்றன என்பது காதுக்குப் பிடிபடுகிறதாம். நாளைக்கு எழுத்துக் கூட்டும்போது அது உதவும். தண்ணீர் பாட்டிலில் காபிக்கொட்டை போட்டுக் கிலுகிலுப்பை செய்திருந்தோம். அடுத்தவன் குலுக்கி முடிக்கும் வரை தன் கையைக் கட்டி வைத்திருப்பது ஒரு பாடம். இதற்குப் பின் இது, அதற்குப் பின் அது என்று வரிசை புரிவது இன்னொரு பாடம். எல்லாவற்றையும் விட, 'உட்காரு, எழுந்திரு' என்று யாரும் கத்த வேண்டியதில்லை. பாட்டு மாறினால் பிள்ளைகள் தாமாக மாறிவிடுகிறார்கள்.

கடைசிப் பாட்டை எழுதியது, நாற்பது வருடமாகப் பத்திரிகைக்கு எழுதுகிற அடியேன்.

சந்தை முடிஞ்சாச்சு, பை நிறைஞ்சாச்சு,
செருப்பைத் தேடு, ஸ்வெட்டரை மாட்டு,
அம்மா வந்தாச்சு, ஊட்டுக்குப் போலாம்!

இலக்கியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலை செய்தது. ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பார். காய்கறிப் பைகளோடு அம்மாக்கள் வந்து சேர்ந்ததும் சின்னச் சலங்கை வைத்த டாம்பரினை ஒரு தட்டு தட்டுவார். உடனே நான் இதை எடுப்பேன். பாட்டு முடியும்போது கதவு திறக்கும். வாசலில் அம்மாக்கள்.

எங்களுக்குத் தெரிந்த வரிசை, அம்மாக்கள் வந்த பிறகு பாட்டு. பாயில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெரிந்த வரிசை வேறு. பாடினால் அம்மா வருவாள்! ஒரு வாரமாவது தவறியிருக்கிறதா என்ன?

ஜெனியின் அம்மா ரோஸியும் அந்த வாசலில் நின்றவள்தான். காபிப் பறிப்பு முடிந்ததும் மலையில் பெண்களுக்கு வேலை குறைந்துவிட்டது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்விட்டாள். கம்பெனி ஹாஸ்டலில் தங்கல். லீவு கிடைத்தால்தான் ஊர். அதன் பிறகு ஜெனியைக் கூட்டி வந்து கூட்டிப் போவது அருள்தான்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. குறும்பு பண்ணுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் நடுவில் பாடினாள். மறுபடியும் செருப்பு, மறுபடியும் அழுகை. அன்றைக்கு அவளைக் கூட்டிப் போக வந்த அருளிடம் லேசாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டிலும் இதே கதைதானாம். கடைசி பஸ் மேலே ஏறி வருகிற சத்தம் கேட்டால் போதும், வாசலில் நின்று ஆரம்பித்துவிடுகிறாளாம்.

"பஸ் திரும்பிப் போற வரைக்கும் நிறுத்த மாட்டாளுங்க" என்றார். "ஏனுங்க மிஸ், அதக் கேக்கறப்ப எனக்கு ஊட்டுக்குள்ள இருக்க முடியலைங்க. ஜூன்ல ஸ்கூலுக்குப் போவணும். அங்கயும் இப்படி நடுவுல எந்திரிச்சுப் பாடுனா என்னங்க பண்றது?"

நான் எழுதிய வரியல்லவா?

வரியை மாற்றிவிடலாம் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அம்மாவை எடுத்துவிட்டு 'மணி அடிச்சாச்சு' என்று போடலாமே? ஸ்டெல்லா ஒப்புக்கொள்ளவில்லை. மற்ற பிள்ளைகள் ஒரு மணி நேரம் அழாமல் இருப்பதே அந்த வரியை நம்பித்தான் என்றார். யோசித்தேன். சரிதான். பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்கிறேன் என்று நாம் அ, ஆ எழுதச் சொல்லிக்கொடுக்கிறோம், பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் முதல் நாள் பரீட்சை அதில் இல்லையே! அம்மாவின் புடவையை விட வேண்டும். விட்டாலும் சாயங்காலம் வருவாள் என்று நம்ப வேண்டும். அதில் பாஸானால்தான் மற்றதெல்லாம்.

சரி, ஜெனிக்கு நான் எடுத்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். பெரியவர்களுக்கு எப்போதும் இருக்கிற நம்பிக்கை... எடுத்துச் சொன்னால் புரிந்துவிடும்! அவளை மடியில் உட்கார வைத்து விளக்கினேன். பாட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வராது கண்ணு, அம்மாக்கள் சந்தையிலிருந்து வந்துவிடுகிறார்கள், அதைப் பார்த்துத்தான் நாம் பாடுகிறோம், உங்கம்மா இருப்பது திருப்பூரில், அது நொம்ப தூரம். ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். தலையை ஆட்டினாள். பிறகு கேட்டாள்.

"அப்ப எங்கம்மா எந்தப் பாட்டுக்கு மிஸ் வரும்?"

அவளை மடியிலிருந்து இறக்கிவிட்டு, கிலுகிலுப்பையை அவள் கையில் கொடுத்தேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்தக் கடைசி வரியைப் பாடும்போது என் கண்ணும் வாசல் பக்கம் போகிறது. எனக்கு யார் வரப்போகிறார்கள்? ரிட்டயரானதும் ஏற்காட்டில்தான் இருப்பேன் என்று அடம்பிடித்து என்னை இங்கே கூட்டி வந்தவர், என்னை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். புத்திக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு நொடி அது பார்க்கத்தான் செய்கிறது. எனக்கே இப்படி என்றால் நான்கு வயதுக்கு எப்படி இருக்கும்?

ஏப்ரலில் ஒரு ஞாயிறு. நல்ல மழை பெய்து காபி பூத்திருந்த வாரம். பெயர்ப் பாட்டு பாடிக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே ஒரு முகம். ரோஸி!

ராத்திரி பஸ்ஸில் சேலம் வந்து, விடிந்ததும் மலை ஏறி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறாள். தோளில் துணிப்பை. தலைகூடச் சீவவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகளையே பார்த்தாள்.

ஜெனியும் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். நான் ஓடப் போகிறாள் என்று வழி விட்டு நகர்ந்தேன். அவள் ஓடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவனின் பெயருக்குக் கைத்தட்டினாள்.

ரோஸியின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. சட்டென்று பெயர்ப் பாட்டை நிறுத்திவிட்டுக் கடைசிப் பாட்டை எடுத்தேன். ஜெனி என்னைத் தடுத்தாள். எழுந்து வந்து என் கையைப் பிடித்து, இன்னும் மழைப் பாட்டு பாடவில்லை, கிலுகிலுப்பை ஆட்டவில்லை என்றாள். வரிசைப்படிதான் போக வேண்டுமாம்.

போனோம். மழை பெய்தது. கிலுகிலுப்பை ஒவ்வொரு கையாகச் சுற்றி வந்தது. அவள் முறை வந்ததும் ஆட்டிவிட்டு அடுத்தவனிடம் கொடுத்தாள். ஜன்னல் பக்கம் ஓரக்கண்ணால் பார்ப்பதும் திரும்பிக்கொள்வதுமாக இருந்தாள். கடைசிப் பாட்டு வந்தது. தொண்டை நரம்பு புடைக்கப் பாடினாள். முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி. கதவு திறந்தது. அதன் பிறகுதான் ஓடினாள் – செருப்பும் போடாமல்.

"இவ ஸ்கூலுக்கு ரெடிங்க" என்றார் ஸ்டெல்லா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. ரெடிதான். இந்த வயதில் இவ்வளவு பொறுமை! ஆனால் அதற்காகச் சந்தோஷப்படலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜெனி அம்மாவின் இடுப்பிலேயே தூங்கிப்போனாள். ரோஸி வராந்தாவில் உட்கார்ந்து, அவள் எழுந்துவிடாதபடி மெதுவாகப் பேசினாள்.

"என்னய மறந்துட்டான்னு நெனச்சுட்டேனுங்க மிஸ்" என்றாள். "போன்லயும் இந்தப் பாட்டத்தாங்க பாடுவா. கடைசி வரி முடிஞ்சதும் போனக் கீழ வெச்சுட்டு வாசலுக்குப் போயிருவாளாம். அவங்கப்பா சொல்றாரு. நான் பாட்டுக்கு அங்க ஹலோ, ஹலோன்னு கத்திட்டிருப்பேனுங்க."

அன்று சாயங்கால பஸ்ஸிலேயே அவள் திரும்பிப் போனாள். திங்கட்கிழமை காலையில் ஷிப்ட்.

அடுத்த ஞாயிறு ஜெனி வருவாளா என்று எனக்குப் பயமாக இருந்தது. வந்தாள். நடுவில் எழுந்து பாடவில்லை. எல்லாப் பாட்டும் வரிசையாக நடந்தது. டாம்பரின் தட்டப்பட்டது, கடைசிப் பாட்டு முடிந்தது, கதவு திறந்தது, பிள்ளைகள் அவரவர் அம்மாவிடம் ஓடினார்கள். அருளும் வந்து நின்றார். ஜெனி மட்டும் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மிஸ், இன்னொருக்கா பாடலாங்களா?"

"ஏன் கண்ணு?"

"இப்பப் பாடுனது சந்தைக்குங்க" என்றாள். "திருப்பூரு தூரமில்லைங்களா?"

தூரம் என்று சொன்னதே நான்தான். அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டாள்.

ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவர் டாம்பரினை மறுபடி எடுத்தார். நானும் ஜெனியும் பாட ஆரம்பித்தோம். வாசல் வரை போன பிள்ளைகள் செருப்புக் காலோடு திரும்பி வந்து சேர்ந்துகொண்டார்கள். தக்காளிப் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு அம்மா கைத்தட்டினாள். அப்புறம் இன்னொருத்தி. முன்னறைப் பெரியவர்கள் பேப்பரை மடித்து வைத்தார்கள். அருள் மட்டும் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் கடைசிப் பாட்டு இரண்டு தடவை. வாசலில் நிற்கிற அம்மாக்களுக்கு ஒரு தடவை. திருப்பூருக்கு ஒரு தடவை. ரோஸிக்கு இன்னும் அடுத்த லீவு கிடைக்கவில்லை. ஜெனிக்கு ஜூனில் பள்ளிக்கூடம்.

ஏற்காட்டில் பாடினால் திருப்பூருக்கு எப்படிக் கேட்கும் என்று யாரும் எனக்கு மெயில் அனுப்ப வேண்டாம். நாங்கள் சத்தமாகத்தான் பாடுகிறோம்.