ஒரு விரற்கடை தூரம்

ஓமலூருக்கு மேற்கே ஒரு பண்ணையாள் குடியில் பிறந்த அங்கமுத்துவுக்குச் சிலம்பம் என்றால் உயிர். வாழப்பாடிப் பக்கம் மாமன் ஊரில் இருந்து கற்றுக்கொண்டு வந்தவர், மீசை தடிப்பதற்குள் சுற்றுவட்டாரத்தில் ‘வாத்தியார்’ என்று பெயர் வாங்கிவிட்டார். அந்தப் பெயரே அவருக்கு வினையாக வந்தது. 1927இல் பண்ணாடி அப்புசாமி ஆளனுப்பினான். அங்கமுத்துவின் குடிசை நின்றது அவன் நிலத்தில். அவனுக்கும் இவர் வயதுதான். திருவிழாவில் கம்பு சுற்றி ஊரை அசத்த வேண்டுமாம், அதற்குச் சிலம்பம் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

கூடவே கட்டளையும் வந்தது. வாத்தியாரின் கம்பு பண்ணாடியின் மேல் படவே கூடாது, பட்டால் தீட்டு. இனிமேல் வாத்தியார் வேறு எவனோடும் கம்பு ஆடவும் கூடாது. ஆடினால் பண்ணாடிக்குக் கௌரவக் குறைச்சல். அடிபடாமல் சிலம்பம் கற்ற ஒருத்தனை உலகத்தில் யாராவது பார்த்திருக்கிறார்களா? ஆனால் இதையெல்லாம் பண்ணாடியிடம் போய் யார் கேட்பது?

முதல் மாதத்திலேயே ஒருநாள் கம்பின் நுனி அப்புசாமியின் தோளை லேசாக உரசிவிட்டது. இழவு விழுந்தது போல அந்த வீடு அலறியது. அவன் ஓடிப்போய்த் தலைமுழுகினான், கட்டியிருந்த வேட்டியைக் குப்பையில் எறிந்தான். அங்கமுத்துவின் தோளில் அம்மிக்கல்லை ஏற்றிப் பொழுது சாயும்வரை களத்து வெயிலில் நிறுத்தினார்கள். அடுத்த தடவை பட்டால் குடிசையைப் பிரித்து எறிந்துவிடுவோம் என்று எச்சரித்தும் அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு அங்கமுத்து பழகியதெல்லாம் அடிக்காமல் இருப்பதைத்தான். விடியற்காலையில் வேப்பங்கிளையில் ஒரு கரிச்சட்டியைத் தொங்கவிட்டு, முழு வேகத்தில் கம்பை வீசிச் சட்டிக்கு ஒரு விரற்கடை தள்ளி நிறுத்துவார். நுனியில் கரி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். ஒட்டியிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். வருடங்கள் போகப்போகக் கண்ணை மூடிக்கொண்டு வீசினாலும் கம்பு தானாக நின்றது. மற்றவர்களுக்கு அது வித்தை. அவருக்கு அதை நினைத்தாலே வாயில் எச்சில் கசந்தது.

அப்புசாமிக்கு எந்நேரமும் வாய் நிறைய வெற்றிலை வேண்டும். ஆடிக்கொண்டே ஆடுகளத்தில் துப்புவான். அந்தச் சிவந்த சளியின் மேல்தான் அங்கமுத்து வெறுங்காலோடு சுவடு வைக்க வேண்டும். விலகி வைத்தால், “கால் பொறுக்குதோ வாத்தியாருக்கு?” என்று சிரிப்பான். வீட்டுக்குப் போனதும் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாலும் பாதத்தில் அந்தப் பிசுபிசுப்பு இருப்பது போலவே இருக்கும். இத்தனைக்கும் அப்புசாமி சந்தைக்குச் சந்தை பீற்றிக்கொள்வது வேறு. இத்தனை வருடத்தில் வாத்தியாரின் கம்பு அவனை ஒருமுறைகூடத் தொட்டதில்லையாம். கேட்டவர்களும் வெட்கமில்லாமல் தலையாட்டினார்கள். திருவிழாவில் அவனுக்கு எதிரே நின்றவர்கள், பயந்தோ பல்லிளித்தோ, அவன் கம்பு மேலே படுமுன்பே விழுந்தார்கள்.

1939 கோடையில் ஒருநாள் காலை, களத்தை ஒட்டிய கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார் அங்கமுத்துவின் தம்பி அம்மாசி. ஒரு மாடு சறுக்கி விழுந்து கால் முறிந்தது. ஆடுகளத்தில் அங்கமுத்துவோடு ஆடிக்கொண்டிருந்த அப்புசாமி கையிலிருந்த கம்போடு ஓடினான். அம்மாசியின் முழங்காலைப் பார்த்து ஒரு வாரல் அடித்தான். அது அங்கமுத்து கற்றுக்கொடுத்த அடி. எலும்பு நொறுங்குகிற சத்தம் களம்வரை கேட்டது. விழுந்து கிடந்தவரின் அதே காலில் மறுபடியும் அடித்தான்.

குடிசை போகட்டும், தலையே போகட்டும், ஒரே ஒரு அடி இவன்மேல் விழ வேண்டும் என்று அங்கமுத்து முடிவுகட்டினார். ஓடிப்போய் அப்புசாமியின் தோள்பட்டையைக் குறிவைத்து, இத்தனை வருடத்து ஆத்திரத்தையும் சேர்த்து வீசினார்.

கம்பு தோளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

பல்லைக் கடித்துக்கொண்டு விலாவில் வீசினார். அங்கேயும் நின்றது. அப்புசாமி கம்பை உயர்த்தித் தடுக்கவில்லை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அது படாது என்று அவன் உடம்புக்கும் பழகிப்போயிருந்தது. வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, “போதும்டா அங்கமுத்து, போயி மாட்டப் பாரு,” என்றான்.

அந்த வாரச் சந்தையில் இதே பேச்சாகத்தான் இருந்தது. தம்பியை அடித்தவனை அடிக்கக் கம்பு ஓங்கியும் அடிக்காமல் விட்ட பெருந்தன்மையை ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். வித்தை கற்றவனுக்கு இந்தப் பொறுமைதான் அழகு என்றார் ஒரு பெரியவர். இன்னொருவர் கையெடுத்தே கும்பிட்டார். அங்கமுத்துவுக்கு அவர்கள் முகத்தில் காறித் துப்பலாம் போலிருந்தது. எதுவும் வாங்காமல் திரும்பிவிட்டார். மறுநாள் காலையில் வழக்கம்போல வரச்சொல்லிப் பண்ணையிலிருந்து ஆள் வந்து போயிருந்தான்.

வீட்டுக்குள் அம்மாசி காலில் மூங்கில் பத்தை கட்டிக் கிடந்தார். அந்தக் கால் இனி நிமிராது என்று கட்டுப்போட்டவர் சொல்லியிருந்தார். அண்ணன் வருவதைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். காலம் முழுக்கக் கம்பைக் கட்டிக்கொண்டு அழுததெல்லாம் இந்தச் சுவர்ப்பக்கம் திரும்பும் முகத்துக்காகத்தானா என்று அங்கமுத்துவுக்கு இருந்தது. மனைவி ஆராயி களியைக் கிண்டி வட்டிலில் போட்டு முன்னால் வைத்தாள்.

அங்கமுத்து வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டார். பிறகு இடது கையால் களியைப் பிட்டு வாயில் போட்டார்.

ஆராயி முகத்தைச் சுளித்தாள். “ஏனுங்க, சோத்துக் கை இருக்கையில பீச்சாங்கையில உங்கறீங்க. இதென்ன கருமம்?”

“அந்தக் கைக்கு இது எவ்வளவோ சுத்தம் புள்ள,” என்றார்.